ரேங்க் வாரியாக லாகின்

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் லேப் அமைத்துத் தருவது புண்ணியமான தொழில். போன பிறவியில் செய்த பாவமெல்லாம் இதிலேயே கழிந்துவிடும்.

ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்கப் பதினோரு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கேபிள் இழுக்கிறவர்களே, சுவிட்ச் மாட்டுகிறவர்களே, "நெட் வரலை" என்று போன் வந்ததும் சாப்பாட்டுக் கையோடு ஓடுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை. நாம் தனியாக இல்லை என்கிற ஆறுதலுக்காக எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே பள்ளியில், ஒரே கல்வியாண்டில் நடந்தவை. பரமத்தி வேலூர் போகிற வழியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. பெயர் வேண்டாம். தாளாளர் முதலில் கோழிப்பண்ணை வைத்தார், அப்புறம் லாரி வாங்கினார், அப்புறம் பள்ளி கட்டினார். மூன்றையும் இன்றைக்கும் அவரேதான் நடத்துகிறார், மூன்றையும் ஒரே மாதிரி.

சார் வருவார்

முதல் நாள் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் முத்துசாமி அண்ணன் சுடிதாரில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் பின்னால வாராருங்களா சாமி?" என்றார். எந்தச் சார் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் மாட்டற சாருங்க." அந்தச் சார் நான்தான் என்றேன். நல்ல ஜோக் என்று சிரித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

மூன்று நாள் வேலை. ஏணியில் ஏறிச் சுவரில் துளை போட்டேன். முப்பத்திரண்டு மெஷினுக்கும் கேபிள் இழுத்தேன். அறுபத்து நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சீவி, எட்டு நிறக் கம்பிகளை வரிசைப்படுத்தி, கருவியால் அழுத்திச் செருகினேன். தலையெல்லாம் சுண்ணாம்பு, விரலெல்லாம் கொப்புளம். மூன்று நாளும் முத்துசாமி அண்ணன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். கடைசியில் எல்லா மெஷினிலும் பச்சை விளக்கு எரிந்தபோது கை தட்டினார், கீழே போய் ஒரு டம்ளர் டீயோடு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் டம்ளரை மேசைமேல் வைத்து, மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார்.

"சார் வந்தா குடுத்துருங்க சாமி, ஆறிப்போறதுக்குள்ள வரச் சொல்லுங்க."

நம்பர் யாருக்கு

மெஷின்களை இணைத்தாயிற்று. அடுத்து லாகின். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பெயரில் ஒரு லாகின், அதற்கென்று சர்வரில் ஒரு ஃபோல்டர். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் தன் லாகினைப் போட்டால் தன் வேலை வந்து நிற்கும். நெட்வொர்க் போடுவதே இதற்காகத்தான். கம்ப்யூட்டர் டீச்சர் சுமதி மிஸ் பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அழகாக டைப் செய்து கொண்டுவந்திருந்தார். இருவரும் அதைத் தாளாளரிடம் நீட்டினோம். அவர் பட்டியலை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். பெயர் வேண்டாமாம். ரேங்க்-1, ரேங்க்-2 என்று முப்பத்திரண்டு வரை போட வேண்டுமாம்.

அந்தப் பள்ளியில் எல்லாமே ரேங்க்தான். மாதா மாதம் பரீட்சை, மாதா மாதம் ரேங்க் பட்டியல், அதன்படிதான் வகுப்பில் உட்காருவது, அதன்படிதான் பஸ்ஸில் ஏறுவது. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஐயா, ரேங்க் மாறினால் பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விடும், அது செய்த வேலை பழைய ரேங்க்கின் ஃபோல்டரிலேயே கிடக்கும், அடுத்து வருகிற பிள்ளை கையில் போய்ச் சேரும் என்றேன். சுமதி மிஸ் என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். தாளாளருக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் உண்டு, இரண்டிலும் லேப் போட வேண்டியிருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, முப்பத்திரண்டு ரேங்க்குகளையும் என் கையாலேயே டைப் செய்தேன்.

"ஏம்மா, நம்ம பண்ணையில எத்தன ஆயிரம் கோழி இருக்குது, நம்பர் கூண்டுக்குத்தான் போடறோம், கோழிக்கா போடறோம்?"

எலுமிச்சம்பழம்

லேப் திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்தார்கள். மானிட்டருக்கு மானிட்டர் சந்தனம், குங்குமம். சர்வரின் பவர் பட்டன் எது, பொட்டு எது என்று எனக்கே தெரியவில்லை. யு.எஸ்.பி. துளைகளில் துளைக்கொரு சாமந்திப் பூ செருகியிருந்தது. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது தாளாளரின் லாரி டிரைவர் நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்து, எங்கே வைப்பது என்று கேட்டார். புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுதான் அவர்கள் வழக்கம். கம்ப்யூட்டருக்கு டயர் கிடையாது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

எல்லாரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். டயர் உள்ள ஒரே பொருள் சுமதி மிஸ்ஸின் சுழல் நாற்காலி. பட்டுப்புடவையில் வந்திருந்த சுமதி மிஸ்ஸை அதில் உட்காரவைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து, தாளாளரே பின்னாலிருந்து தள்ளினார். நாற்காலி முதல் பழத்திலேயே சிக்கிக்கொண்டது. டிரைவர் முன்னாலிருந்து "வா வா வா, ஒடி, ஒடி" என்று சைகை காட்டினார். சாறு புடவையில் தெறித்தது, பழம் நசுங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம்தான் டிரைவர் குனிந்து பார்த்து, நாற்காலிக்கு ஐந்து சக்கரம் இருப்பதைக் கண்டுபிடித்தார். எல்லார் முகமும் வாடிவிட்டது. தாளாளர் ஒரு நொடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"பரவால்ல, மிச்சம் இருக்கறதை ஸ்டெப்னின்னு வெச்சுக்கலாம்."

கவர்

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மானிட்டர்மேல் வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அறை பூட்டியிருந்தது. சுமதி மிஸ் வெளியே வராந்தாவில், கரும்பலகையில் கீபோர்டு படம் வரைந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நோட்டில் விரலால் தட்டிப் பழகினார்கள். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் கண்ணாடி வழியாக லேப்பைப் பார்த்துவிட்டுப் போவார்களாம், அதற்குத்தான் லேப்பாம். பிள்ளைகள் உள்ளே போனால்தான் நெட்வொர்க்கில் கோளாறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, தாளாளரிடம் சாவியை வாங்கினேன்.

"நல்லா ஓடற மெஷினை ஏம்மா புள்ளைகளை உட்டுக் கெடுக்கறீங்க?"

முதல் ரேங்க் பட்டியல்

பிள்ளைகள் உள்ளே போனார்கள், வேலை செய்தார்கள், பரீட்சை வந்தது, ரேங்க் மாறியது. மறுநாள் காலை சுமதி மிஸ் போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம். லேப்பில் வைரஸ் என்று பள்ளி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒன்பதாம் ரேங்க்கில் இருந்தவன் நான்காம் ரேங்க்குக்கு வந்துவிட்டான், அங்கே யாருடைய வேலையோ இருந்தது, குப்பை என்று நினைத்து அழித்துவிட்டான். அழித்தது பக்கத்தில் பதினான்காம் ரேங்க்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்ணின் வேலை. அவளும் தனக்கு வந்த ஃபோல்டரில் இருந்ததை அதற்கு முன்பே அழித்திருந்தாள். இப்படியே முப்பத்திரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் சுத்தம் செய்து முடித்திருந்தார்கள்.

நல்லவேளையாக சர்வரே தினமும் ஒரு நகல் எடுத்துவைக்கும்படி செய்துவைத்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். இனிமேலாவது பெயரில் லாகின் போடலாம் என்று சுமதி மிஸ் நேராகத் தாளாளரிடம் போய்க் கேட்டார். நான் கூடப் போகவில்லை. கேபிள் சரிபார்க்கிறேன் என்று மேசைக்கு அடியில் இருந்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மிஸ் திரும்பி வந்து, தாளாளர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

"போன மாசம் மாதிரியே படிச்சிருந்தா அவுங்கவுங்க ஃபோல்டர் அவுங்கவுங்ககிட்டயே இருந்திருக்குமில்லீங்க?"

வெற்றிலைக் கணக்கு

அந்த வகுப்பில் கோகிலா என்று ஒரு பெண். பரமத்தி வேலூர் அருகே அவள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். செய்முறைத் தேர்வுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் இணையத்திலிருந்து எடுத்த நூலகம், ஓட்டல், மருந்துக்கடை என்று எதையாவது செய்தார்கள். இவள் வெற்றிலைக்கு ஒரு ப்ரோகிராம் எழுதினாள். எந்தப் பாத்தியில் எந்த வாரம் கொழுந்து கிள்ளினார்கள், இலையை அடுக்கி எத்தனை கவுளி கட்டினார்கள், மழைக்குக் கிழிந்த இலை எத்தனை, அடுத்து எந்தப் பாத்தி கிள்ளத் தயாராகும் என்று அது சொல்லும். அப்போது அவள் இரண்டாம் ரேங்க். நான் போகும்போதெல்லாம் ஒரு சந்தேகம் கேட்பாள். எனக்குத் தெரியாத சந்தேகமாகத்தான் கேட்பாள். நானும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்வேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்கு டெங்கு. ரிவிஷன் பரீட்சை எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு எல்லாப் பாடத்திலும் பூஜ்யம், ஆக முப்பத்திரண்டாம் ரேங்க். ஜுரம் விட்டு வந்தவள் பாதி ஆளாக இருந்தாள். எழுத்துப் பரீட்சைக்குப் படிக்க ஏகப்பட்டது பாக்கி. முழுசாகக் கையில் இருந்தது அந்த ப்ராஜெக்ட் ஒன்றுதான், அதுவும் ரேங்க்-2 ஃபோல்டரில் இருந்தது. லேப் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திரும்பி ரெண்டுக்கு வர்ற வரைக்கும் அதை யாரும் எடுத்துக்காமப் பாத்துக்கறீங்களாக்கா?"

வெளித் தேர்வாளர்

பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிதாகச் சொன்னேன். நகல் எடுத்தும் வைத்தேன். யாராவது அழித்தால் திருப்பிப் போட்டுவிடலாம் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது, அதை ரேங்க்-32 ஃபோல்டருக்கு மாற்றிவைக்கத் தோன்றவில்லை. பள்ளி ஆபீஸ் இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். தேர்வுக்கு முதல் நாள் மாலை, சுமதி மிஸ் வீட்டுக்குப் போன பிறகு, ஆபீஸில் லாகின் வாரியாக ப்ராஜெக்ட்டுகளைப் பிரிண்ட் எடுத்து, புது ரேங்க் பட்டியலைப் பார்த்துப் பெயர் போட்டு, முப்பத்திரண்டையும் பைண்ட் செய்து அடுக்கிவிட்டார்கள். காலையில் மிஸ் போன் செய்து, "உடனே வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது வெளித் தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். கரூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை, நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். வெற்றிலைக் கணக்கு இரண்டாம் ரேங்க் நிதிஷ் பெயரில் இருந்தது. கடைசி மெஷினில் இருந்த கோகிலாவின் கையில் கிரிக்கெட் ஸ்கோர் ப்ராஜெக்ட். அவள் வாழ்க்கையில் கிரிக்கெட் பார்த்ததில்லை.

தேர்வாளர் நிதிஷிடம் கவுளி என்றால் என்னவென்று கேட்டார். "ஃபைலோட பேருங்க மேடம்" என்றான். அடுத்த கேள்விக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இது கோகிலாவோடதுங்க மேடம், எனக்கு மாறி வந்துருச்சு" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். கோகிலா எழுந்து நின்றாள். தேர்வாளர் பக்கத்திலேயே நின்றிருந்த தாளாளர் முந்திக்கொண்டு, கடைசி ரேங்க் பிள்ளை இவ்வளவு பெரிய ப்ரோகிராம் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை என்றார். யாருடையது என்று தெரியாவிட்டால் இரண்டு பேருக்கும் ப்ராஜெக்ட் மதிப்பெண் போட முடியாது என்று தேர்வாளர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, இதை யார் எழுதியது என்று சர்வரில் பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், ஒவ்வொரு வரியும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. எழுதியவர்: ரேங்க்-2. நான் அமைத்த சர்வர், என் கையால் டைப் செய்த பெயர். அந்த மாதங்களில் இரண்டாம் ரேங்க் யார் என்று காட்டப் பழைய பட்டியலும் இல்லை, புதுசு ஒட்டும்போதே பழையதைக் கிழித்துவிடுவார்கள். அன்றைக்கு மேசைக்கு அடியில் ஒளியாமல் சுமதி மிஸ்ஸோடு போயிருந்தால் இந்தப் பெண் இப்படி நின்றிருக்க மாட்டாள்.

இந்த முறை நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை. "மேடம், தப்பு என்னுது. புள்ளைங்க பேர்ல போட வேண்டிய லாகினை ரேங்க்ல போட்டுட்டேன். இதை எழுதினது கோகிலாதான், நான் கூட இருந்து பாத்தேன்" என்றேன். தாளாளரின் இரண்டு பள்ளிகளும் என் கையை விட்டுப் போன சத்தம் எனக்கே கேட்டது. சுமதி மிஸ்ஸும் எழுந்து, "ஆமாங்க மேடம், எனக்கும் தெரியும்" என்றார். தேர்வாளர் எங்கள் சாட்சியை எழுதிக்கொள்ளவில்லை. கோகிலாவைக் கூப்பிட்டு, வெற்று ஸ்க்ரீனைத் திறந்து, கிழிந்த இலையைக் கழிக்கிற பகுதியை மட்டும் மறுபடி எழுதச் சொன்னார். நூறு இலை ஒரு கவுளி என்பதில் ஆரம்பித்து, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஜுரத்தில் இளைத்த விரல் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஓட்டிப் பார்த்தார், ஓடியது. மற்ற ஃபோல்டர்களையெல்லாம் உரியவர்களுக்கு மாற்றித்தர எனக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, தாளாளரைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க லேப்ல புள்ளைங்க பேரைத் தவிர மத்த எல்லாமே நல்லா சேவ் ஆகியிருக்குதுங்க சார்."

பெயர்

மறுநாளே தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கணக்கை முடித்து வெளியே அனுப்பப்போகிறார் என்றுதான் போனேன். அவர் சுமதி மிஸ் முதலில் கொண்டுவந்த அதே பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு யோசனை தோன்றியிருப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் பெயரிலேயே லாகின் போட்டால் என்ன? அடடா, எப்பேர்ப்பட்ட யோசனை என்றேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, படித்தவர்கள்தானே நீங்கள் என்று எங்கள் இருவரையும் கடிந்துகொண்டார். சுமதி மிஸ் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

முதல் லாகினைக் கோகிலாவுக்கே போட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பெயரை அவளையே டைப் செய்யச் சொன்னேன். ஸ்க்ரீனில் 'கோகிலா' என்று வந்தது, கீழே அவள் வெற்றிலைக் கணக்கு. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்த ரிவிஷன்ல மார்க்கு குறைஞ்சா இந்தப் பேரை வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்களாக்கா?"

இப்போது அந்தப் பள்ளியில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் பெயரிலேயே லாகின் இருக்கிறது, பாஸ்வேர்டு மட்டும் தாளாளர் உத்தரவுப்படி முப்பத்திரண்டு பேருக்கும் ஒன்றே, அது அவருடைய காரின் நம்பர்.